காலையில் ஹேண்டிலுக்குப் பிடிக்காத பழைய பவர் டில்லர்: பம்பை மாற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

டீசலைத் தள்ளுகிற பம்பை மாற்றுவதா, போர் செய்வதா (தேய்ந்த சிலிண்டரின் உள்குழாயான லைனரையும் பிஸ்டனையும் புதுப்பிப்பதா) என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியதை இரண்டு தடவை படித்ததில் எனக்குப் புரிந்த கேள்வி இதுதான்: ஒரு மெக்கானிக் பம்ப் போய்விட்டது என்கிறார், இன்னொருவர் லைனர், பிஸ்டன் மாற்றச் சொல்கிறார், இரண்டுமே பெரிய செலவு, இதில் யார் சொல்வது சரி என்று காசை எடுப்பதற்கு முன்னால் களத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்கலாம். முழுவதுமாக முடியாவிட்டாலும் முக்கால்வாசி முடியும்.

நீங்கள் கொடுத்த விவரம் மற்றவர்களுக்காக ஒருமுறை. அப்பா காலத்து டில்லர், முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. காலையில் இருபது முப்பது தடவை ஹேண்டில் போட்டாலும் பிடிப்பதில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை மட்டும் வருகிறது. எப்படியோ ஒருமுறை பிடித்துவிட்டால் நாள் முழுக்க நன்றாக உழுகிறது, இழுவையில் குறை இல்லை, மத்தியானம் நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் இரண்டே சுற்றில் பிடிக்கிறது. போன கோடையில் பம்பைக் கழற்றி சர்வீஸ் செய்தார்கள். எந்தக் கம்பெனி என்று நீங்கள் சொல்லவில்லை. அந்தக் காலத்து வண்டி என்றால் 1967-இல் மிட்சுபிஷி கூட்டுடன் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி.யோ, 1973-இல் கேரளத்தில் தொடங்கி குபோட்டா தொழில்நுட்பத்தில் டில்லர் செய்த காம்கோவோதான் பெரும்பாலும் இருக்கும். எதுவாக இருந்தாலும் படுத்த வாக்கில் ஒற்றை சிலிண்டர், தண்ணீர்க் குளிர்ச்சி, டீசல், ஹேண்டில் ஸ்டார்ட் என்கிற அமைப்பு ஒன்றுதான், அதனால் நான் சொல்வது இரண்டுக்கும் பொருந்தும். யாழ்ப்பாணம், வன்னிப் பக்கம் லாண்ட்மாஸ்டர் என்று சொல்கிற இரண்டு சக்கர டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் இன்ஜின் டீசலாக இருந்தால் இதே கதைதான்.

நான் மன்னார்குடிப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் ஒரு வருடம் படித்தேன், அதற்கு அப்புறம் இருபத்தேழு வருடமாக டில்லரும் ஆயில் இன்ஜினும்தான். உங்கள் வண்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை, சத்தமும் கேட்கவில்லை. அதனால் எது நிச்சயம், எது என் யூகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

நிச்சயமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் புகை வருகிறது என்றால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது. எரியாமல் ஆவியாக வெளியே வருகிற டீசல்தான் அந்தப் புகை, மூக்கில் பட்டால் கண் எரிகிற மாதிரி ஒரு நெடி இருக்கும். டீசலே போகாத இன்ஜினை எவ்வளவு சுற்றினாலும் சைலன்சரில் ஒன்றும் வராது. ஏர் பிடித்திருந்தாலோ, ஃபில்டர் அடைத்திருந்தாலோ, பம்ப் தள்ளவே இல்லை என்றாலோ அப்படித்தான் இருக்கும். உங்களுக்குப் புகை வருகிறது, அதோடு பிடித்த பிறகு இழுவையும் குறையவில்லை. நாள் முழுக்க சேற்றில் இழுக்கிற அளவுக்கு டீசல் கொடுக்கிற பம்ப், காலையில் மட்டும் கெட்டுப்போவது அபூர்வம். தேய்ந்த பம்பு சூட்டில்தான் அதிகமாகத் தடுமாறும், ஏனென்றால் டீசல் சூடாகி இளகியதும் தேய்ந்த இடைவெளியில் சுலபமாகக் கசிந்துவிடும். உங்களுக்கு நடப்பது அதற்கு நேர் எதிர். அதனால் புதுப் பம்ப் வாங்குவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

அப்புறம் ஏன் பிடிக்கவில்லை? இந்த இன்ஜினில் பிளக் கிடையாது, பொறி கிடையாது. 1897-இல் ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டியதிலிருந்து இன்றுவரை சங்கதி ஒன்றுதான்: காற்றை வெடுக்கென்று அமுக்கினால் சூடாகும், அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றும். டீசல் பற்றுவதற்கு 200 டிகிரிக்குச் சற்று மேலே போதும். நல்ல இன்ஜினை வேகமாகச் சுற்றினால் உள்ளே அதைவிட எவ்வளவோ அதிகம் சூடு வரும். ஆனால் குளிர்ந்த லைனரும் அதை மூடுகிற ஹெட்டும் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், கசிகிற இடமெல்லாம் காற்றை வெளியே விட்டுவிடும், மெதுவாகச் சுற்றினால் கசிவதற்கு நேரமும் கூடும். மத்தியானம் இரும்பு சூடாக இருப்பதால் அதே கசிவோடு சமாளித்துவிடுகிறது, மார்கழிக் காலையில் முடிவதில்லை. ஆக, உங்கள் வண்டியில் கம்ப்ரஷன், அதாவது காற்றை அமுக்குகிற அழுத்தம், குறைந்திருக்கிறது, அல்லது சுற்றுகிற வேகம் போதவில்லை, அல்லது இரண்டும் சேர்ந்திருக்கிறது. டீசலைத் தூவுகிற நாசிலுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

இதை நாளைக் காலையிலேயே சோதித்துவிடலாம். ராத்திரி முழுக்க ஆறிய வண்டி. ரேடியேட்டர் தண்ணீரை அடியில் உள்ள வடிகால் டேப்பைத் திறந்து வடித்துவிட்டு, குளிக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், ஹெட் விரிசல் விடும். பத்து நிமிடம் விட்டு, அதை வடித்து மறுபடி ஒருமுறை ஊற்றுங்கள். லைனரைச் சுற்றியுள்ள இரும்பு கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஹேண்டில் போடுங்கள். நாலைந்து சுற்றில் பிடித்துவிட்டால் சூடு போதாமைதான் பிரச்சினை, அதாவது கம்ப்ரஷன் பக்கம். வெந்நீருக்கும் பிடிக்கவில்லை, அதே வெள்ளைப் புகைதான் என்றால் என் கணக்கு தப்பு, நாசிலையும், டீசல் பாய்கிற நேரமான டைமிங்கையும் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது காசில்லாமல் சரிசெய்யக்கூடியவை. மெயின் கிளட்சை ஆஃப் செய்துவிட்டுத்தான் சுற்றுகிறீர்களா? பெல்ட் இழுபட்டால் கியர்பாக்ஸில் இறுகிக் கிடக்கிற ஆயிலையும் சேர்த்து உங்கள் தோள்தான் சுற்றுகிறது. இன்ஜின் ஆயில் என்ன ஊற்றுகிறீர்கள்? ஆயில் தின்கிறது என்று கெட்டியான ஆயிலாக ஊற்றுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அது காலையில் ஹேண்டிலை இரும்பாக இறுக்கிவிடும். உங்கள் மாடலுக்குக் கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிற கிரேடைத் தாண்டாதீர்கள். ஏர் கிளீனரைக் கழற்றிப் பாருங்கள், அடியில் உள்ள ஆயில் சேறாக இறுகியிருந்தால் இன்ஜினுக்கு முழு மூச்சே கிடைக்காது. அதோடு டீகம்ப்ரஷன் லீவர், அதாவது சுலபமாகச் சுற்றுவதற்காக வால்வைத் தூக்கி அழுத்தத்தை வெளியே விடுகிற லீவர். அதை விட்டதும் முழுசாகத் திரும்புகிறதா, அல்லது ஸ்பிரிங் தளர்ந்து வால்வைத் துளியூண்டு தூக்கிக்கொண்டே நிற்கிறதா என்று பாருங்கள். தூக்கிக்கொண்டு நின்றால் எத்தனை பேர் சுற்றினாலும் பிடிக்காது. டேப்பட் கிளியரன்ஸ் (வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்குகிற கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி) பழைய வண்டியில் தானாகவே குறையும், வால்வு சீட்டுக்குள் இறங்க இறங்கத் தண்டு மேலே ஏறும். அநேக மாடல்களில் ஆறிய நிலையில் 0.20-லிருந்து 0.30 மி.மீ.க்குள் இருக்கும், உங்கள் மாடலுக்குரிய அளவைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இடைவெளியை அளக்கிற ஃபீலர் கேஜ் தகடு உள்ளேயே நுழையவில்லை என்றால் வால்வு மூடவே இல்லை என்று அர்த்தம், கால் மணி நேர வேலை.

இதெல்லாம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் கம்ப்ரஷனைக் கையாலேயே பார்க்க வேண்டும். ஹேண்டிலை வெளியே எடுத்துவிடுங்கள். ஆக்ஸிலேட்டர் லீவரை ஸ்டாப்பில் தள்ளுங்கள், இதை மறக்கவே கூடாது. கிளட்ச் ஆஃப். ஃபிளைவீலை இரண்டு கையாலும் பிடித்து, இன்ஜின் சுற்றுகிற திசையில் மெதுவாகத் திருப்புங்கள். கம்ப்ரஷன் வரும்போது உள்ளே ஒரு கெட்டிப் பந்தை அமுக்குகிற மாதிரி தெரியும். நல்ல இன்ஜின் அங்கே நின்று எதிர்த்துத் தள்ளும், கையைத் தளர்த்தினால் ஃபிளைவீல் பின்னால் எகிறும். தேய்ந்த இன்ஜினில் பந்து இருக்கும், ஆனால் நீங்கள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல வற்றிப்போய் ஃபிளைவீல் வழுக்கி மறுபக்கம் போய்விடும். அந்த வற்றுகிற நேரம்தான் முக்கியம். ஒருவர் ஃபிளைவீலை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் காது வைத்துக் கேட்கட்டும். ஏர் கிளீனர் வாயில் உஸ் என்று வந்தால் இன்லெட் வால்வு. சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்ததும் அங்கே மூச்சு விடுகிற மாதிரி கேட்டால் பிஸ்டன் ரிங்கும் லைனரும். ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட், அல்லது ஹெட்டிலேயே விரிசல். காலையில் ஊர் அடங்கியிருக்கும்போது செய்யுங்கள், மோட்டார் சத்தத்தில் இது கேட்காது. எந்த மீட்டரும் இல்லாமல் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஆயில் விட்டுப் பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. ஏர் கிளீனரைக் கழற்றி, இன்லெட் வாயில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, டீகம்ப்ரஷனில் வைத்து நாலு சுற்று சுற்றிவிட்டுப் பிறகு கம்ப்ரஷனைப் பார்ப்பார்கள். அழுத்தம் கூடினால் ரிங் தேய்மானம், மாறவே இல்லை என்றால் வால்வு என்பது கணக்கு. நிமிர்ந்த சிலிண்டரில் இதை நம்பலாம். நம் டில்லரில் சிலிண்டர் படுத்துக்கிடக்கிறது, ஆயில் கீழ்ப்பக்கமே தேங்கும், மேல்பக்க ரிங்குக்குச் சரியாகப் போய்ச் சேராது. அதனால் அழுத்தம் நன்றாகக் கூடினால் ரிங் என்று நம்புங்கள், கூடாவிட்டால் ரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு ஸ்பூனுக்கு மேல் விடவும் வேண்டாம், ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் ஆயில் தேங்கினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

என் அனுபவத்தில், காலையில் மட்டும் மக்கர் செய்து இழுவையில் குறை வைக்காத வண்டிகளில் பாதிக்கு மேல் வால்வு கசிவாகத்தான் இருந்திருக்கிறது. போர் செய்கிற அளவுக்கு ரிங் தேய்ந்த வண்டி வேறு அடையாளங்களும் காட்டும்: ஆயில் குறையும், ஓடும்போது நீலப்புகை வரும், ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி தள்ளும், மேடான இடத்தில் திணறும். நீங்கள் இதில் எதையும் எழுதவில்லை. அதனால் போர் வேண்டாம், ஹெட்டைக் கழற்றி வால்வு கிரைண்டிங் போதும் என்பது என் யூகம். யூகம்தான், லைனரை அளக்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது. ஹெட்டைக் கழற்றியதும் பக்கத்தில் நின்று ஒரு காரியம் பாருங்கள். வால்வுகளை மாட்டியபடியே ஹெட்டைத் திருப்பி வைத்து, போர்ட்டுக்குள் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றச் சொல்லுங்கள். நல்ல சீட்டாக இருந்தால் வால்வு விளிம்பில் ஈரம் தெரியாது. கசிந்தால் ஒரு நூல் மாதிரி கோடு இறங்கும், நீங்களே கண்ணால் பார்க்கலாம். அதே சமயம் லைனரின் மேல்விளிம்பில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ரிங் போய்த் திரும்புகிற இடத்தில் நகம் தடுக்கி நிற்கிற அளவுக்குப் படி இருந்தால் இரண்டாவது மெக்கானிக் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அப்போது போர் கேஜில் அளந்து கம்பெனி சொன்ன வரம்பைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்து முடிவெடுங்கள்.

ஹெட்டை மூடும்போது கேஸ்கட் விஷயத்தில் அசட்டையாக விட்டுவிடாதீர்கள். பழைய மாடலுக்குக் கிடைக்கவில்லை என்று தடிமனான கேஸ்கட்டைப் போடுவதையும், இரண்டை அடுக்கிப் போடுவதையும் பார்த்திருக்கிறேன். 95 மி.மீ. போர் (சிலிண்டரின் குறுக்களவு), 95 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகர்கிற தூரம்) உள்ள இன்ஜினைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள், 673 சி.சி. வரும். கம்ப்ரஷன் ரேஷியோ 18 என்றால் அந்தக் காற்று முழுவதும் கடைசியில் 40 சி.சி. இடத்தில் அடங்குகிறது, ஒரு சின்னக் காபி தம்ளர் கூட நிறையாது. அரை மி.மீ. தடிமன் கூடினாலே கிட்டத்தட்ட 3.5 சி.சி. இடம் கூடிவிடும், 18 என்பது 16.5 பக்கம் இறங்கிவிடும். வால்வையும் ரிங்கையும் புதிதாகப் போட்டுவிட்டு, கேஸ்கட்டில் அதை இழந்துவிட்டு, மறுநாள் காலையில் மறுபடி ஹேண்டிலோடு போராடுவதில் என்ன பயன்?

இப்போது நாசில். சொட்டுகிற நாசில் குளிரில் சரியாகப் பிடிக்காது, புகைமாதிரி தூவ வேண்டியது கம்பியாகப் பாய்ந்தால் டீசல் பற்றத் தாமதமாகும். ஹேண்டில் சுற்றும்போது டீகம்ப்ரஷனில் ஃபிளைவீலின் ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் ஒருமுறை நாசில் பக்கம் 'கிர்ர்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்க வேண்டும். பழகிய காதுக்கு அதிலேயே பாதி தெரிந்துவிடும், சத்தமே இல்லை என்றால் சந்தேகப்படலாம், சத்தம் இருப்பதால் மட்டும் நாசில் நல்லது என்று சொல்ல முடியாது. கழற்றி டெஸ்டரில் போட்டு, பிரஷரையும் தூவலையும் பார்ப்பதுதான் சரியான வழி, பம்ப் விலையோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லாத செலவு. தயவுசெய்து களத்தில் நாசிலைக் கழற்றி பைப்பில் மாட்டிக் கையை நீட்டி 'தூவுகிறதா' என்று பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு முள் குத்தினது போலத்தான் தெரியும், விரலை எடுக்கிற அளவுக்குப் போகலாம். அப்படி ஆகிவிட்டால் வலி இல்லை என்று விடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டீசல் உள்ளே போனதைச் சொல்ல வேண்டும்.

டைமிங் எனக்கு நிச்சயமில்லாத இடம். பம்பைக் கழற்றி மாட்டும்போது அதன் அடியில் உள்ள சிம் என்கிற மெல்லிய தகடுகளில் ஒன்று கூடியோ குறைந்தோ போயிருக்கலாம். சிம் கூடினால் டீசல் தாமதமாகப் பாயும், வெள்ளைப் புகை வரும், காலையில் பிடிக்காது. ஆனால் அப்படி இருந்தால் இழுவையும் குறையும், சூடும் ஏறும், அதனால்தான் உங்கள் வண்டியில் இதைக் கடைசியில் வைக்கிறேன். நீங்கள் யோசித்துச் சொல்ல வேண்டியது ஒன்று: காலைப் பிரச்சினை பம்ப் சர்வீஸுக்கு முன்னாலேயே இருந்ததா, பிறகுதான் வந்ததா? பிறகுதான் என்றால் இதை முன்னால் கொண்டுவருவேன். பார்ப்பது சுலபம். பம்பிலிருந்து நாசிலுக்குப் போகிற பைப்பைக் கழற்றி, ஆக்ஸிலேட்டரைத் திறந்து வைத்து, ஃபிளைவீலை மெதுவாகத் திருப்பினால் பம்ப் வாயில் டீசல் அசைந்து மேலே எழும்பும். அந்த நொடியில் ஃபிளைவீலில் உள்ள இன்ஜெக்ஷன் குறி எதிரே உள்ள குறியோடு நேராக நிற்க வேண்டும். குறி தாண்டியபிறகு எழும்பினால் லேட். சிம்மை எடுத்தால் முன்னால் வரும், சேர்த்தால் பின்னால் போகும். நிதானமாக இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், ஏனென்றால் அளவுக்கு மீறி முன்னால் கொண்டுவந்தால் இன்ஜின் தட்டும், ஹேண்டில் திருப்பி அடிக்கும்.

ஒரு துணியில் பெட்ரோல் நனைத்து ஏர் கிளீனர் வாயில் காட்டினால் பிடிக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பிடிக்கும், உண்மைதான். ஆனால் அது நேரம் காலம் இல்லாமல் வெடிக்கும், ரிங்கும் பிஸ்டன் விளிம்பும் உடையும், திருப்பி அடித்தால் துணியில் தீப்பிடிக்கும். சம்பா நடவில் ஆள் காத்திருக்கிறது என்று அவசரப்பட்டுப் பழக்கமாக்கிய வண்டிகள் இரண்டு வருடத்தில் என் பட்டறைக்கு உடைந்த ரிங்கோடு வந்திருக்கின்றன. அவசரத்துக்கு வெந்நீர் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஹேண்டில். முப்பது தடவை சுற்றுகிறீர்கள் என்று படித்ததும் எனக்கு முதலில் உங்கள் மணிக்கட்டு நினைவுதான் வந்தது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள், சுற்றி வளைத்துப் பிடிக்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் வளைத்துப் பிடித்து, பாதி வேகத்திலேயே டீகம்ப்ரஷனை விட்டேன். இன்ஜின் பின்பக்கம் ஒரு உதை விட்டது, கட்டைவிரல் எலும்பு விட்டுப்போய் ஆறு வாரம் கட்டுப் போட்டேன், மழை நாளில் இன்றும் வலிக்கிறது. டீகம்ப்ரஷனைப் பிடித்தபடி நல்ல வேகம் வரும்வரை சுற்றிவிட்டு, அந்த வேகத்தில்தான் லீவரை விட வேண்டும். விட்ட பிறகும் ஹேண்டிலை விடாமல் இன்னும் ஒரு சுற்று தள்ள வேண்டும். ஹேண்டில் நுனியில் உள்ள பல்லும், அது மாட்டுகிற தண்டின் பல்லும் தேய்ந்து மழுங்கியிருந்தாலோ, துருவில் இறுகியிருந்தாலோ பிடித்ததும் கழன்று வராமல் கூடவே சுழலும். அப்படி மாட்டிக்கொண்டால் பிடிக்கப் போகாதீர்கள், ஒதுங்கி நின்று எட்டுகிற பக்கத்திலிருந்து ஆக்ஸிலேட்டரை ஸ்டாப்பில் தள்ளுங்கள். நாளைக்கு வெந்நீர் சோதனை செய்வதற்கு முன்னால் அந்தப் பல்லைத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி, வெறும் கையில் மாட்டிக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். வெந்நீருக்கு எத்தனை சுற்றில் பிடித்தது, ஃபிளைவீலை அழுத்தியபோது உஸ் சத்தம் எங்கே கேட்டது, இந்த இரண்டையும் எழுதுங்கள், அதற்கு மேல் என்ன கழற்றலாம் என்று பார்க்கலாம்.